பிளே-ஆஃப் ஆட்டங்களும் நாளிதழ் நாயகர்களும்

லீக் ஆட்டங்கள் முடிந்தபின், புள்ளிப் பட்டியலில் முன்னணி பெற்ற சில அணிகள் மட்டும் கோப்பைக்காக மோதும் இறுதிக்கட்டச் சுற்றைப் பிளே-ஆஃப் என்கிறோம். ஒரு மாதமாக விளையாட்டுப் பக்கத்தின் மூலையில் கிடந்த தொடர், இந்த நான்கைந்து நாட்களில் முதல் பக்கத்துக்கு வந்துவிடும். படமும் பெரிதாகும், பாராட்டும் பெரிதாகும். ஒரு வீரர் ஒரே இரவில் ஊரறிந்தவர் ஆவார்.

அந்தப் பாராட்டு எப்படி உருவாகிறது, அதை வாசகர் எப்படிப் படிக்க வேண்டும் என்பதை விளக்குவதே இக்கட்டுரை. இதற்கு 2025-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு பிரீமியர் லீக் (டி.என்.பி.எல்.) தொடர் நல்ல எடுத்துக்காட்டு. அந்த ஆண்டு கோப்பையை வென்றது திருப்பூர் அணி.

பிளே-ஆஃப் முறை

டி.என்.பி.எல். தொடரைத் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் 2016-இல் தொடங்கியது. எட்டு அணிகள் மோதும் 20 ஓவர் போட்டி இது. ஒவ்வோர் அணியும் லீக் சுற்றில் ஏழு ஆட்டங்கள் ஆடும். முதல் நான்கு இடம் பிடிக்கும் அணிகள் பிளே-ஆஃப் சுற்றுக்குச் செல்லும். அதன்பின் நடப்பவை நான்கே ஆட்டங்கள்:

1. முதல் தகுதிச் சுற்று: முதல் இடம் பெற்ற அணியும் இரண்டாம் இடம் பெற்ற அணியும் மோதும். வென்ற அணி நேராக இறுதிப்போட்டிக்குப் போகும்.
2. எலிமினேட்டர், அதாவது வெளியேற்றும் ஆட்டம்: மூன்றாம், நான்காம் இடம் பெற்ற அணிகள் மோதும். தோற்ற அணி ஊர் திரும்ப வேண்டியதுதான்.
3. இரண்டாம் தகுதிச் சுற்று: முதல் தகுதிச் சுற்றில் தோற்ற அணியும், எலிமினேட்டரில் வென்ற அணியும் மோதும்.
4. இறுதிப்போட்டி.

இந்த முறையை வகுத்தவர் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பெர்சி பேஜ். அந்நாட்டின் விக்டோரியா கால்பந்து லீக் 1931-இல் இதைப் பயன்படுத்தியது. ஐ.பி.எல். தொடர் 2011 முதல் இதைப் பின்பற்றுகிறது. முதல் இரண்டு இடம் பெற்ற அணிகளுக்கு ஒரு தோல்வியைத் தாங்கும் சலுகை கிடைக்கிறது என்பதே இதன் சிறப்பு. லீக் சுற்றில் உழைத்ததற்கு அது கூலி.

அந்தச் சலுகை எவ்வளவு பெரியது? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எந்த எதிரணியையும் 100 ஆட்டத்தில் 70 முறை வெல்லக்கூடிய பலமான அணி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது மூன்றாம் அல்லது நான்காம் இடத்திலிருந்து வந்தால், மூன்று ஆட்டங்களையும் தொடர்ந்து வெல்ல வேண்டும். 0.7-ஐ மூன்று முறை பெருக்கினால் 0.343. கோப்பை வெல்லும் வாய்ப்பு 100-க்கு 34 மட்டுமே. முதல் இரண்டு இடங்களில் இருந்து வந்தால் இரண்டு வழிகள் உண்டு. இரண்டு ஆட்டங்களையும் வெல்வது 0.49, முதலில் தோற்றுப் பின் இரண்டையும் வெல்வது 0.147. கூட்டினால் 0.637. அதாவது 100-க்கு 64.

இவ்வளவு பலமான அணியும், சலுகை இருந்தும், 100-இல் 36 முறை கோப்பையைக் கோட்டைவிடும். பிளே-ஆஃப் செய்திகளைப் படிக்கும் முன் நினைவில் வைக்க வேண்டிய முதல் உண்மை இது.

2025: திருப்பூர் வென்ற கதை

ஐடிரீம் திருப்பூர் தமிழன்ஸ் அணி முன்பு காரைக்குடி காளை என்ற பெயரில் ஆடியது. 2025-இல் அதன் தலைவர் சுழற்பந்து வீச்சாளர் ஆர்.சாய் கிஷோர். அவ்வாண்டு லீக் சுற்றில் கொடிகட்டிப் பறந்தது சேப்பாக் சூப்பர் கில்லீஸ் அணிதான். ஆடிய ஏழு ஆட்டங்களிலும் வென்று முதலிடம் பிடித்தது.

முதல் தகுதிச் சுற்றில் திருப்பூர் அணி அந்தச் சேப்பாக் அணியை 79 ரன் வித்தியாசத்தில் வீழ்த்தியது. எலிமினேட்டரில் திண்டுக்கல் டிராகன்ஸ் அணி திருச்சி கிராண்ட் சோழாஸ் அணியை வெளியேற்றியது. திண்டுக்கல் அணியின் தலைவர் ரவிச்சந்திரன் அஸ்வின் அதில் 83 ரன் குவித்ததோடு மூன்று விக்கெட்டும் எடுத்தார். இரண்டாம் தகுதிச் சுற்றில் திண்டுக்கல், சேப்பாக் அணியை நான்கு விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. விமல் குமார் 30 பந்துகளில் 65 ரன் அடித்தார். ஒரே ஓவரில் 34 ரன் வந்தது. ஏழுக்கு ஏழு வென்ற சேப்பாக் அணி, இரண்டே தோல்விகளில் தொடரை விட்டு வெளியேறியது.

இறுதிப்போட்டி ஜூலை 6 அன்று திண்டுக்கல் மாவட்டம் நத்தத்தில் உள்ள என்.பி.ஆர். கல்லூரி மைதானத்தில் நடந்தது. எதிரணி நடப்புச் சாம்பியன். மைதானமும் அதன் சொந்த மண். முதலில் ஆடிய திருப்பூர் அணி 20 ஓவரில் 5 விக்கெட்டுக்கு 220 ரன் குவித்தது. தொடக்க வீரர்கள் அமித் சாத்விக் 34 பந்துகளில் 65 ரன், துஷார் ரஹேஜா 46 பந்துகளில் 77 ரன். பதிலுக்கு ஆடிய திண்டுக்கல் 14.4 ஓவரில் 102 ரன்னுக்குச் சுருண்டது. 118 ரன் வித்தியாசத்தில் திருப்பூர் முதன்முறையாகக் கோப்பையை வென்றது.

இடக்கை ஆட்டக்காரரும் விக்கெட் கீப்பருமான ரஹேஜா, தொடர் முழுவதும் ஒன்பது ஆட்டங்களில் 488 ரன் எடுத்தார். இறுதிப்போட்டியிலும் முத்திரை பதித்தார். தொடர் முழுவதும் முதல் வரிசையில் நின்றார். இரண்டும் ஒருவரிடமே சேர்வது எப்போதும் நடப்பதில்லை.

நாளிதழ் ஒருவரை எப்படித் தேர்ந்தெடுக்கிறது?

இரவு ஆட்டங்களின் செய்தியை எழுதும் நிருபருக்கு இரண்டு தட்டுப்பாடுகள் உண்டு: நேரம், இடம்.

காலை நாளிதழ்கள் ஒரே நேரத்தில் அச்சாவதில்லை. தொலைவில் உள்ள ஊர்களுக்குப் போகும் பதிப்பு முன்னதாக முடிக்கப்படும். அச்சகம் இருக்கும் நகரின் பதிப்பு கடைசியில் முடியும். ஆட்டம் இரவு பதினொரு மணியைத் தாண்டினால், முதல் பதிப்பில் பாதி ஆட்டம்தான் இருக்கும். திருப்பூர் ராயபுரத்துத் தேநீர்க் கடையில் ஒருவர் படிக்கும் நாளிதழும், தாராபுரம் பக்கத்துக் கிராமத்தில் அவர் தம்பி படிக்கும் அதே நாளிதழும் ஒரே செய்தியைச் சொல்லாமல் போவதற்கு இதுவே காரணம்.

இதற்கு 2023 ஐ.பி.எல். இறுதிப்போட்டி சரியான சான்று. அகமதாபாத்தில் மே 28 அன்று நடக்க வேண்டிய ஆட்டம் மழையால் மறுநாளுக்குத் தள்ளிப்போனது. மறுநாளும் மழை குறுக்கிட்டது. சென்னை சூப்பர் கிங்ஸ் அணிக்கு 15 ஓவரில் 171 ரன் என்று இலக்கு மாற்றப்பட்டது. கடைசி இரண்டு பந்தில் 10 ரன் தேவைப்பட்டபோது ரவீந்திர ஜடேஜா ஒரு சிக்சரும் ஒரு பவுண்டரியும் அடித்து வெற்றி தேடித் தந்தார். அப்போது நள்ளிரவு கடந்து மே 30 பிறந்துவிட்டது. இப்படிப்பட்ட இரவில், முன்னதாகவே அச்சேறும் பதிப்புகள் முடிவைச் சொல்ல வழியே இல்லை.

இடத் தட்டுப்பாடு வேறு வகையில் வேலை செய்கிறது. தலைப்பில் ஐந்தாறு சொற்களுக்குமேல் அடங்காது. அதில் ஒரு பெயருக்குத்தான் இடம். படமும் பெரும்பாலும் ஒன்றுதான். எனவே பதினொரு பேர் சேர்ந்து பெற்ற வெற்றி, ஒருவரின் வெற்றியாகச் சுருங்குகிறது. ஆட்டத்தின் கடைசிக் காட்சியில் இருந்தவர், அதிக ரன் அடித்தவர், உள்ளூர்க்காரர், ஏற்கெனவே புகழ்பெற்றவர் ஆகிய நால்வரில் ஒருவருக்கே அந்த இடம் பெரும்பாலும் போகும். பந்து வீச்சாளருக்கு அது அரிதாகவே கிடைக்கும்.

நம் ஊர்த் தொழிலோடு ஒப்பிட்டால் இது எளிதில் விளங்கும். ஒரு பனியன் நிட்டிங், டையிங், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று பல கைகள் மாறி வெளிநாட்டுக் கடைக்குப் போகிறது. வாங்குபவர் கண்ணில் படுவது கழுத்தில் உள்ள லேபிள் மட்டுமே. நாளிதழின் தலைப்பும் ஒரு லேபிள்தான். அது பொய் சொல்வதில்லை. ஆனால் துணி யார் கையால் ஆனது என்பதை அதில் படிக்க முடியாது.

ஸ்கோர் அட்டை சொல்வது என்ன?

தலைப்பு விட்டதைத் தேட நாளிதழிலேயே ஓர் இடம் உண்டு. அது செய்தியின் ஓரத்தில் சிறிய எழுத்தில் வரும் ஸ்கோர் அட்டை. ஆட்டக்காரர் எடுத்த ரன், சந்தித்த பந்து, பவுண்டரி, சிக்சர் ஆகியவை ஒரு பக்கம். பந்து வீச்சாளர் வீசிய ஓவர், கொடுத்த ரன், எடுத்த விக்கெட் மறுபக்கம். கூடவே உதிரி ரன்கள். இந்த எண்களைக் கொண்டு மாணவர்கள் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

திருப்பூர் அணியின் இறுதிப்போட்டியையே எடுத்துக்கொள்வோம். சாத்விக், ரஹேஜா இருவரும் சேர்ந்து 80 பந்துகளில் 142 ரன் எடுத்தனர். அணி எடுத்த 220-இல் இது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. தலைப்பில் இவர்கள் பெயர் வருவது முற்றிலும் நியாயமே. ஆனால் இன்னொரு கணக்கும் உண்டு. ரஹேஜாவின் 77 ரன்னை முழுதாகக் கழித்துவிட்டாலும் மீதி 143. திண்டுக்கல் எடுத்தது 102. அப்போதும் 41 ரன் மிச்சம். இலக்கு சிறிதாக இருந்திருந்தால் திண்டுக்கல் நிதானமாக ஆடியிருக்கும் என்பது உண்மைதான். என்றாலும் எதிரணியை 88 பந்துகளுக்குள் மொத்தமாக வெளியேற்றியவர்கள் பந்து வீச்சாளர்கள். அந்த வெற்றியில் அவர்களுக்குச் சரிபாதி உரிமை உண்டு என்பதை அட்டை சொல்கிறது.

இதே கணக்கை 2011 ஐ.பி.எல். இறுதிப்போட்டிக்குப் போட்டால் விடை மாறும். சென்னை சேப்பாக்கத்தில் மே 28 அன்று நடந்த அந்த ஆட்டத்தில் சென்னை அணி 205 ரன் எடுத்தது. முரளி விஜய் 52 பந்துகளில் 95 ரன். பெங்களூரு அணி 147 ரன்னில் நின்றது; வித்தியாசம் 58. விஜய்யின் 95-ஐக் கழித்தால் 110 மட்டுமே மிஞ்சும். அது 147-ஐ விடக் குறைவு. இங்கே ஒருவர் ஆடிய ஆட்டம் வெற்றிக்கும் தோல்விக்கும் இடையே நின்றது என்று துணிந்து சொல்லலாம். ஆட்ட நாயகன் விருதும் அவருக்கே கிடைத்தது.

அதே ஆட்டத்தில் இன்னொரு பாடமும் உள்ளது. அந்த ஆண்டுத் தொடரில் அதிக ரன் எடுத்தவர் பெங்களூரு அணியின் கிறிஸ் கெய்ல். மொத்தம் 608 ரன். இறுதிப்போட்டியில் முதல் ஓவரிலேயே அவரை அஸ்வின் ரன் எடுக்க விடாமல் வெளியேற்றினார். தொடரின் தலைசிறந்த ஆட்டக்காரர் கடைசி நாளில் பூஜ்யம். ஆண்டு முழுதும் முதல் மதிப்பெண் வாங்கிய மாணவன் பொதுத்தேர்வு அன்று காய்ச்சலில் படுத்ததுபோல. அந்த ஒரு நாளைக் கொண்டு அவனை எடைபோட எந்த ஆசிரியரும் ஒப்பமாட்டார்.

தோற்ற அணியின் நாயகர்கள்

வென்ற அணிக்கே பெரும்பாலான இடம் போய்விடுவதால், தோற்ற அணியில் நன்றாக ஆடியவர் விரைவில் மறக்கப்படுவார். 2023 இறுதிப்போட்டியில் குஜராத் அணிக்காகத் தமிழ்நாட்டின் சாய் சுதர்சன் 47 பந்துகளில் 96 ரன் எடுத்தார். அந்த ஆட்டத்தில் இரு அணியிலும் அதுவே மிக உயர்ந்த ஸ்கோர். ஆட்ட நாயகன் விருது 25 பந்துகளில் 47 ரன் எடுத்த சென்னையின் டெவன் கான்வேக்குப் போனது. தலைப்பு ஜடேஜாவுக்குப் போனது. மூவரும் தகுதியானவர்களே. ஆனால் தலைப்பை மட்டும் படித்தவருக்கு மூவரில் ஒருவரைத்தான் தெரிந்திருக்கும்.

பேஸ்பால் தந்த பாடம்

பிளே-ஆஃப் நாயகர்களை உருவாக்குவதில் நாளிதழ்களுக்கு நீண்ட பழக்கம் உள்ள நாடு அமெரிக்கா, விளையாட்டு பேஸ்பால். அங்கு இரு பெரிய லீக்குகளின் சாம்பியன்கள் மோதும் 'உலகத் தொடர்' 1903-இல் தொடங்கியது. பத்திரிகையாளர் ஹென்றி சாட்விக் அதற்கு முன்பே, 1850-களின் இறுதியில், பேஸ்பாலுக்கு ஸ்கோர் அட்டையை வடிவமைத்திருந்தார். இங்கிலாந்தில் பிறந்த அவர், அமெரிக்க நாளிதழ்களுக்குக் கிரிக்கெட் செய்தி எழுதியவர். கிரிக்கெட் அட்டையின் முறையையே அவர் பேஸ்பாலுக்குப் பொருத்தினார். இரு விளையாட்டுகளின் அட்டைகளும் உறவினர் என்றே சொல்லலாம்.

1910-களிலும் 1920-களிலும் உலகத் தொடர் நடக்கும் நாட்களில், நியூயார்க் போன்ற நகரங்களின் நாளிதழ் அலுவலகங்கள் வாசலில் பெரிய பலகைகளைத் தொங்கவிட்டன. தந்தியில் வரும் செய்திக்கேற்பப் பலகையில் ஆட்டத்தை நகர்த்திக் காட்டினார்கள். தெருவே அடைபடும் அளவுக்குக் கூட்டம் கூடியது. வானொலி காலத்தில் நம் ஊர்க் கடைவாசலில் கரும்பலகையில் ஸ்கோர் எழுதி வைத்ததும் இதே வேலைதான்.

1977 உலகத் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் நியூயார்க் யாங்கீஸ் அணியின் ரெஜி ஜாக்சன், மூன்று வெவ்வேறு வீச்சாளர்களின் முதல் பந்தையே அடித்து மூன்று ஹோம் ரன் எடுத்தார். தொடர் நடப்பது அக்டோபரில் என்பதால் 'மிஸ்டர் அக்டோபர்' என்ற பட்டம் அவருக்கு நிலைத்துவிட்டது.

1960 தொடர் இதற்கு நேர்மாறான கதை. ஏழு ஆட்டங்களில் யாங்கீஸ் எடுத்த மொத்த ரன் 55. பிட்ஸ்பர்க் எடுத்தது 27. ஆயினும் நான்கு ஆட்டங்களை வென்று கோப்பையைப் பெற்றது பிட்ஸ்பர்க். ஏழாவது ஆட்டத்தின் இறுதியில் பில் மசராஸ்கி அடித்த ஹோம் ரன்தான் முடிவைத் தீர்மானித்தது. மறக்க முடியாத படம் அவருடையது. ஆனால் தொடரின் சிறந்த வீரர் விருது தோற்ற யாங்கீஸ் அணியின் பாபி ரிச்சர்ட்சனுக்குக் கிடைத்தது. அந்நாளில் அவ்விருதை வழங்கியது ஒரு விளையாட்டு இதழின் ஆசிரியர் குழு. கடைசிக் காட்சியையும் மொத்த உழைப்பையும் பிரித்துப் பார்க்கப் பத்திரிகையாளரால் முடியும் என்பதற்கு அது சாட்சி.

உலகத் தொடரில் நான்கு வெற்றி பெறும் அணிக்கே கோப்பை. அதற்காக ஏழு ஆட்டம் வரை நடக்கும். மேலே சொன்ன 70 விழுக்காட்டு அணி, இத்தகைய ஏழு ஆட்டத் தொடரை 100-க்கு 87 முறை வெல்லும். ஒரே ஆட்டம் என்றால் 70 முறைதான். நம் 20 ஓவர் இறுதிப்போட்டி ஒரே இரவில் முடிவதால், அதில் தற்செயலுக்கு இடம் அதிகம். ஆகவே ஒரு இறுதிப்போட்டியை மட்டும் வைத்து ஒருவரை மகத்தானவர் என்பதற்கும், உதவாதவர் என்பதற்கும் நாம் இன்னும் தயங்க வேண்டும்.

இதனால் யாருக்கு என்ன?

பெரிய நட்சத்திரங்களுக்கு ஒரு தலைப்பு வந்தாலும் போனாலும் நட்டமில்லை. மாவட்ட அளவில் ஆடும் இளைஞருக்கு அப்படியல்ல. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த டி.நடராஜன், டி.என்.பி.எல். தொடரில் கவனம் பெற்றபின் 2017 ஐ.பி.எல். ஏலத்தில் 3 கோடி ரூபாய்க்கு எடுக்கப்பட்டார். அவரது அடிப்படை விலை 10 லட்சம். 2018-இல் மதுரை பாந்தர்ஸ் கோப்பை வென்றபோது அந்த அணியில் பந்து வீசிய வருண் சக்கரவர்த்தி, அதே ஆண்டு டிசம்பர் ஏலத்தில் 8.4 கோடி ரூபாய்க்குப் போனார். இருவரும் பந்து வீச்சாளர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். தலைப்புகளில் குறைவாக இடம்பெறும் வகையினர், தேர்வு செய்பவர்களின் கண்ணுக்குத் தப்பவில்லை. ஏனென்றால் அவர்கள் லேபிளைத் தாண்டித் துணியைத் தொட்டுப் பார்க்கிறார்கள்.

வாசகரும் அதையே செய்யலாம். அடுத்த பிளே-ஆஃப் வரும்போது மாணவர்கள் ஒரு குறிப்பேட்டில் நான்கு ஆட்டங்களுக்கும் இவற்றை எழுதிவரலாம்:

1. தலைப்பிலும் படத்திலும் இடம்பெற்றவர் யார்?
2. அவரது ரன்னைக் கழித்தால், அல்லது அவர் எடுத்த விக்கெட்டுகள் விழாமல் இருந்தால், முடிவு மாறியிருக்குமா?
3. குறைந்த ரன் கொடுத்து நான்கு ஓவரை முடித்த வீச்சாளர் யார்? செய்தியில் அவர் பெயர் உண்டா?
4. தோற்ற அணியில் சிறப்பாக ஆடியவர் யார்?
5. லீக் சுற்றில் இவர்கள் அனைவரும் எப்படி ஆடினார்கள்?

இதை எழுதி முடிக்க ஓர் ஆட்டத்துக்குக் கால் மணி நேரம் போதும். நான்கு ஆட்டம் முடிந்ததும் முதல் கேள்விக்கான விடைகளையும் மற்ற நான்கு கேள்விகளுக்கான விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எத்தனை பெயர்கள் இரண்டிலும் இருக்கின்றன, எத்தனை பெயர்கள் சிறிய எழுத்தோடு நின்றுவிட்டன என்பது தெரியும்.